கம்ப்யூட்டர் சொன்னது சரி, கையெழுத்து யாருடையது?

(செகந்திராபாத்தில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் குறைக்கப்பட்டுள்ளன.)



சென்ற மாதம் ரேஷன் அட்டை பற்றிப் பேச்சு வந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்து, "அண்ணே, அட்டையை வெட்டியது சிவில் சப்ளை இலாகாவா, கம்ப்யூட்டர் இலாகாவா?" என்று கேட்டார். நேரமாகிவிட்டதால் அன்று பதில் சொல்ல இயலவில்லை. சின்னக் கேள்வி போலத் தோன்றினாலும் பத்தாண்டுகளாக இந்த ராஜ்யத்தில் ஏழை மக்கள் கேட்டு அலைந்த கேள்வி அதுதான். ஆகவே இன்று அதற்கு மட்டுமே நேரம் ஒதுக்கிக்கொள்கிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. மெட்ரிக்குலேஷனோடு நின்றவன், ரயில்வேயில் குமாஸ்தா. ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஜனங்களுக்குப் பதில் சொல்வதே என் பிழைப்பு. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

மாநில சர்க்காருக்குத் தகவல் தொழில்நுட்ப இலாகா என்று ஒன்று இருக்கிறது. கல்வி இலாகா என்றால் பள்ளிக்கூடம் தெரியும், வருவாய் இலாகா என்றால் தாசில்தார் தெரியும். இந்த இலாகா நம் கண்ணுக்குத் தெரியாது. இதன் உச்சியில் இருப்பவர் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. செயலாளர் என்பார்கள், மூப்பைப் பொறுத்து முதன்மைச் செயலாளர் என்பார்கள். அமெரிக்க மாநிலங்களில் இதே வேலைக்குத் தலைமைத் தகவல் அதிகாரி என்று பெயர். மந்திரி மாறுவார், கட்சி மாறும், கொடி மாறும். இந்த நாற்காலியின் வேலை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு பெருகிக்கொண்டே போகிறது.

என்ன வேலை? அரசாங்கத்தின் பெரிய கம்ப்யூட்டர்கள் இருக்கும் தரவு மையம் இவர் பொறுப்பு. அலுவலகங்களை இணைக்கும் கம்பி இவர் பொறுப்பு. மீ சேவா நிலையங்கள் இவருக்குக் கீழே உள்ள கமிஷனரின் பொறுப்பு. எந்த இலாகா எந்த மென்பொருளை வாங்குகிறது, எந்தக் கம்பெனியிடம் வாங்குகிறது என்பதிலும் இவர் கை உண்டு. இதற்கெல்லாம் மேலாக, வெளிநாட்டுக் கம்பெனிகளை அழைத்து வந்து ஐதராபாத்தில் கட்டடம் கட்ட வைப்பதும் இவர் வேலைதான். தெலங்கானா பிறந்தபின் பல ஆண்டுகள் தொழில் இலாகாவும் தகவல் தொழில்நுட்ப இலாகாவும் ஜயேஷ் ரஞ்சன் என்ற ஒரே அதிகாரியின் பொறுப்பில் இருந்தன. அவர் திறமையைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. நான் சொல்வது நாற்காலியைப் பற்றி. கம்பெனிகளை வரவேற்கும் கையும், குடிமக்களின் விவரங்களைக் கட்டிக்காக்கும் கையும் ஒன்றாக இருந்தால், எந்தக் கைக்கு வலிமை அதிகமாகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இந்த இலாகா நமக்கு நல்லது எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் அது நன்றிகெட்ட பேச்சு. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 1998-இல் பத்திரப் பதிவு அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அந்தத் திட்டத்தை நடத்திய ஜே. சத்யநாராயணா என்ற அதிகாரி பிறகு மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பச் செயலாளர் ஆனார். 2016-இல் ஆதார் ஆணையத்துக்கே தலைவரானார். 2001-இல் ஈ-சேவா நிலையங்கள் வந்தன. அதற்குமுன் கரண்ட் பில்லுக்கு ஒரு வரிசை, தண்ணீர்ப் பில்லுக்கு ஒரு வரிசை, வீட்டு வரிக்கு ஒரு வரிசை. கூலிக்காரனுக்கு ஒவ்வொரு வரிசையும் அரை நாள் சம்பளம். ஈ-சேவா வந்தபின் எந்த ஜன்னலிலும் எந்தப் பில்லையும் கட்டலாம் என்றாயிற்று. நடுவில் நின்று "டீக்குக் காசு" கேட்ட ஆட்கள் மறைந்தார்கள். 2011-இல் மீ சேவா வந்தது. சாதிச் சான்று, வருமானச் சான்றுக்கு மனுக் கொடுத்தால் ரசீது கிடைத்தது. மெட்டுகூடாவிலும் லாலாகுடாவிலும் திருமலகிரியிலும் உள்ள நம் பெண்கள் யார் துணையும் இன்றிப் போய் வேலையை முடித்துக்கொண்டு வந்தார்கள். இதை மறைக்கக் கூடாது.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஜன்னலில் இருந்தது. நாம் போய்க் கேட்டால் அது பதில் சொல்லிற்று. இப்போதைய கம்ப்யூட்டரோ நாம் கேட்காமலே நம்மைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறது. நடுவில் நடந்த இந்த மாற்றத்தைத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

2014 ஆகஸ்ட் 19-ஆம் தேதியை உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சமக்ர குடும்ப சர்வே. ஒரே நாளில் ராஜ்யம் முழுவதும் வீடு வீடாகக் கணக்கெடுப்பு. கடைகள் அடைப்பு, பஸ் கிடையாது, ஊரே வெறிச்சென்று கிடந்தது. அதற்கு முந்தின இரண்டு நாட்கள் ஸ்டேஷனில் வந்திறங்கிய கூட்டத்தை நான் கண்ணால் பார்த்தேன். கணக்கில் பெயர் இல்லாவிட்டால் ரேஷன் போய்விடும் என்ற பயம் ஒருபுறம். வெளியூர்க்காரனைத் தனியாகப் பிரிக்கத்தான் இந்தக் கணக்கு என்ற பயம் மறுபுறம். நம் வீடுகளிலும் மூன்று தலைமுறையாக இங்கே இருப்பவர்கள்கூடப் பழைய பாங்கிப் புத்தகம், ஆதார், கரண்ட் பில் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி வைத்துக் காத்திருந்தோம். வந்தவர் கேட்டதையெல்லாம் சொன்னோம். சொன்னது எங்கே போய்ச் சேரும் என்று நாம் கேட்கவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

பிறகு தகவல் தொழில்நுட்ப இலாகா "சமக்ர வேதிகா" என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பல இலாகாக்களில் தனித்தனியாகக் கிடந்த விவரங்களை ஒரே இடத்தில் சேர்த்து, இந்தக் கார் வைத்திருப்பவரும் அந்த ரேஷன் அட்டைக்காரரும் ஒரே ஆள்தானா, இந்த வீட்டு வரி கட்டுபவரும் அந்தப் பென்ஷன்காரரும் ஒரே ஆள்தானா என்று யந்திரமே பெயரையும் விலாசத்தையும் ஒப்பிட்டுச் சொல்லும். நோக்கம் தவறு என்று நான் சொல்லமாட்டேன். உணவுப் பாதுகாப்பு அட்டைக்கு வருமான வரம்பு உண்டு. கிராமத்தில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம், நகரத்தில் 2 லட்சம். பங்களா வைத்திருப்பவன் ஏழையின் அரிசியை வாங்கினால் அவனைப் பிடிக்க வேண்டியதுதான். சர்க்கார் சம்பளக்காரனான எனக்கு அந்த அட்டை கிடையாது, கிடைக்கவும் கூடாது.

ஆனால் நடந்தது என்ன? சுமார் 19 லட்சம் அட்டைகள் ரத்தாயின. முன்கூட்டி நோட்டீஸ் இல்லை. வீட்டுக்கு வந்து பார்க்கவில்லை. ஒரு நாள் ரேஷன் கடைக்குப் போனால், "உன் அட்டை மிஷினில் வரவில்லை அம்மா" என்று டீலர் சொல்வார். அவ்வளவுதான் செய்தி. ஐதராபாத்தில் ஒரு விதவைத் தாயின் அட்டை ரத்தானது பத்திரிகைகளில் வந்தது. இறந்துபோன அவர் கணவர் ரிக்‌ஷா இழுத்தவர். அவர் பெயரைப் போன்ற பெயருள்ள இன்னொருவர் கார் வைத்திருந்தார். யந்திரம் இருவரையும் ஒருவராக்கிவிட்டது. ரிக்‌ஷாக்காரரின் குடும்பம் கார்க்காரக் குடும்பமாயிற்று. அரிசி நின்றது.

விஷயம் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2022 ஏப்ரலில் நீதிமன்றம், ரத்து செய்த அட்டைகளை எல்லாம் நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்று தெலங்கானா சர்க்காருக்கு உத்தரவிட்டது. மறுபரிசீலனை கேட்டு வந்த விண்ணப்பங்கள் 4 லட்சத்து 91 ஆயிரத்துச் சொச்சம். அந்த ஆண்டு ஜூலை வரை பார்த்து முடித்தது 2 லட்சத்து 5 ஆயிரத்துச் சொச்சம். அதில் 15,471 பேர் தகுதியுள்ளவர்கள் என்று தேறிற்று. நூற்றுக்கு ஏழரை.

"ஏழரைதானே" என்று சொல்கிற கனவான்களும் உண்டு. நான் ஜன்னலில் உட்கார்ந்து நூறு டிக்கெட் கொடுத்து அதில் ஏழு தப்பான ஊருக்குப் போனால் அன்று மாலையே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இன்னொன்றும் கவனியுங்கள். இந்த ஏழரை, மனுப் போடத் தெரிந்து, அலைய நேரமிருந்து, அலைந்தவர்களின் கணக்கு. அட்டை போனதும் தலைவிதி என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டவன் இதில் இல்லை. ஊர் மாறிப் போனவனும் இல்லை.

இங்கே நம் தமிழ்க் குடும்பங்களுக்கு உள்ள தனி ஆபத்தைச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் ஒவ்வொருவருக்கும் "இன்டி பேரு" உண்டு, வீட்டுப் பெயர். அதை முன்னால் வைத்துச் சொந்தப் பெயரைப் பின்னால் எழுதுவார்கள். நமக்கோ தகப்பன் பெயரின் முதல் எழுத்துதான். மாரியப்பன் மகன் முருகேசன் என்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் "முருகேசன் எம்." வாக்காளர் பட்டியலில் "மாரியப்பன் முருகேசன்." பாங்கியில் "முருகேசன் மாரியப்பன்." கரண்ட் பில்லில் "எம். முருகேஷ்." மனைவி பெயருக்கு முன்னால் ஒரு காகிதத்தில் தகப்பன் எழுத்து, இன்னொன்றில் கணவன் எழுத்து. பழனியம்மாளின் "ழ"வைத் தெலுங்கில் எழுதும்போது அது "ள" ஆகும், இங்கிலீஷில் மூன்று விதமாகும். மனிதன் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் புரிந்துகொள்வான். பெயரை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லும் யந்திரத்துக்கு ஒரே முருகேசன் நான்கு பேராகவும் தோன்றலாம், நான்கு முருகேசன்கள் ஒருவராகவும் தோன்றலாம். விலாசம் சொல்லவே வேண்டாம். ஒரே கதவு எண்ணில் ஏழு குடித்தனம் இருக்கிற வரிசை வீடுகள் நம்முடையவை. வீட்டுக்காரர் பெயரில் வரி, வீட்டுக்காரர் பெயரில் மீட்டர், வாசலில் வீட்டுக்காரரின் கார். இந்த மென்பொருளை வாங்கியவர்களும் செய்தவர்களும் அப்படிப்பட்ட வாசலை எண்ணிப் பார்த்தார்களா என்று யாராவது கேட்க வேண்டும் அல்லவா? கேட்க வேண்டிய முதல் ஆள் அந்த நாற்காலியில் இருக்கும் அதிகாரி. அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

இப்போது என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம். புக்கிங் ஆபீஸில் டி.டி.சி. புத்தகம் என்று ஒன்று உண்டு. அன்றைய கேஷ் கணக்கு முழுவதும் அதில் ஏறும். ஷிப்டு முடிந்ததும் கையெழுத்துப் போட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். பிறகு ஒரு நாள் டி.ஐ.ஏ. என்கிற கணக்கு இன்ஸ்பெக்டர் வருவார். பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்து, இந்தத் தேதியில் இந்த ஷிப்டில் 10 ரூபாய் குறைவாக வசூலாகியிருக்கிறது என்றால் உடனே "டெபிட்" எழுதுவார். யார் பேரில்? ஸ்டேஷன் பேரில் அல்ல, கம்ப்யூட்டர் பேரில் அல்ல, அந்த ஷிப்டில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவின் பேரில். "மிஷின் காட்டிய கட்டணத்தைத்தான் வாங்கினேன்" என்று நான் பதில் எழுதலாம், வாதாடலாம். ஆனால் பெயர் என் பெயர். 10 ரூபாய்க்கு ஒரு பெயர் இருக்கிறது, தோழர்களே. 19 லட்சம் அட்டைக்கு ஒரு பெயர் இல்லை.

இன்னொரு விஷயம். பிரயாணியின் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டில் இருந்து, சார்ட் போடும்போது இடம் கிடைக்காமல் போனால், அவனுக்குச் செய்தி போகிறது. பி.என்.ஆர். நம்பரை வைத்து அவனே பார்க்கலாம். முதலில் யாருக்கு, அடுத்து யாருக்கு என்ற விதி அச்சிட்ட விதி. எந்தக் கோட்டாவில் எத்தனை என்று கேட்டால் சொல்ல வேண்டும். ஒரு ராத்திரிப் பயணத்துக்கு இவ்வளவு ஏற்பாடு. ஒரு குடும்பத்தின் வருஷ அரிசிக்கு இதில் பாதிகூட இல்லை.

முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரியம்மா கையைத் தூக்குகிறார். சொல்லுங்கள் பெரியம்மா. "அரிசிக்கு எதுக்குப்பா இவ்வளவு பெரிய பேச்சு, போய் அழுதா குடுக்க மாட்டானா" என்கிறார். பெரியம்மா, அழுகிற காலத்தில் எதிரே ஓர் ஆள் இருந்தான். இப்போது எதிரே திரைதான் இருக்கிறது. அரிசியும் சின்ன விஷயம் அல்ல. 2025 உகாதியிலிருந்து இந்த ராஜ்யத்தில் அட்டைக்கு ஆளுக்கு 6 கிலோ சன்ன அரிசி இலவசம். ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 கிலோ. கடையில் கிலோ 50 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 1,500, வருஷம் 18,000 ரூபாய். 500 ரூபாய் காஸும், 200 யூனிட் வரை கரண்ட் இலவசமும் இந்த அட்டை உள்ளவர்களுக்குத்தான். ஒரு வரி அழிந்தால் ஒரு குடித்தனம் சாய்கிறது. பத்தாண்டு புது அட்டைக்குக் காத்திருந்து 2025-இல்தான் வாங்கியவர்கள் இந்த மண்டபத்திலேயே பலர் இருக்கிறீர்கள். வாங்கிவிட்டோம், இனி என்ன என்று இருந்துவிடாதீர்கள். கொடுத்ததை அழிக்க ஒரு நிமிஷம் போதும்.

நம் சங்கத்துக்கு வந்த ஒரு சகோதரியின் கதையைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். மாவு மில்லில் வேலை. அட்டை நின்றதும் ஓர் அலுவலகத்துக்குப் போனார். "எங்களிடம் பட்டியல் மேலேயிருந்து வந்தது, நாங்கள் எதுவும் செய்வதற்கில்லை" என்றார்கள். இன்னோர் அலுவலகத்துக்குப் போனார். "நாங்கள் விவரம் மட்டுமே கொடுக்கிறோம், முடிவு செய்வது அந்த இலாகா" என்றார்கள். மூன்று முறை போனார், மூன்று நாள் கூலி போயிற்று. கடைசியில் அவர் என்னிடம் கேட்டது, "அண்ணா, நான் யார்கிட்டதான் சண்டை போடறது?" அந்தத் தம்பியின் கேள்வியும் இதுதானே.

என் பதில் இது. அட்டையை ரத்து செய்யும் அதிகாரம் சட்டப்படி சிவில் சப்ளை இலாகாவுடையது. கையெழுத்து அவர்களுடையதாக இருக்க வேண்டும். ஆனால் யாரை வெட்டலாம் என்று சுட்டிக்காட்டிய யந்திரம் தகவல் தொழில்நுட்ப இலாகாவின் ஏற்பாடு. அது எவ்வளவு சரி, எவ்வளவு தவறு என்று சோதித்துப் பார்த்து, சோதனையின் முடிவை ஜனங்களுக்குச் சொல்லி, "இவ்வளவு தவறு வருகிறது, ஆகவே நேரில் போய்ப் பார்க்காமல் ஓர் அட்டையையும் தொடாதீர்கள்" என்று மற்ற இலாகாக்களைத் தடுக்க வேண்டிய கடமை அந்தச் செயலாளருடையது. கத்தியைச் செய்து கொடுத்தவன் நான் வெட்டவில்லை என்று சொல்லலாம். யாரை வெட்டுவது என்று விரலையும் நீட்டினவன் அப்படிச் சொல்ல முடியாது.

இந்தப் பிடிவாதம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் மிச்சிகன் என்ற மாநிலம். கார்த் தொழிற்சாலைகள் உள்ள தொழிலாளர் பிரதேசம். வேலையற்றோர் உதவித்தொகையில் மோசடி செய்பவர்களைக் கண்டுபிடிக்க 2013-இல் ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். 2015 வரை அது சுமார் 40,000 பேரை மோசடிக்காரர்கள் என்றது. சம்பளத்தில் பிடித்தம், வரிப் பணத்தில் பிடித்தம், அபராதம். பிறகு 22,000-க்கும் மேற்பட்ட கேஸ்களை மனிதர்கள் உட்கார்ந்து பார்த்தபோது நூற்றுக்கு 93 தவறு! 2022-இல் 2 கோடி டாலர் ஈட்டுத்தொகைக்கு மாநில சர்க்கார் சம்மதித்தது. அதற்குள் வீட்டை இழந்தவர்களும் கடனாளியானவர்களும் எத்தனையோ பேர். அங்கே யூனியனும் வக்கீல்களும் விடாமல் நின்றார்கள், அதனால் கிடைத்தது.

நிலம் உள்ளவர்கள் தரணியைப் பற்றிக் கேட்பீர்கள். 2020 அக்டோபரில் வந்தது. தவறாக ஏறிய விவரத்தைத் திருத்த வழியில்லாமல் விவசாயிகள் அலைந்தார்கள். 2025 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டு பூ பாரதி கொண்டுவந்தார்கள். நம்மில் நிலம் உள்ளவர் சிலரே என்பதால் இதை இதோடு விடுகிறேன். ஒன்று மட்டும் கவனத்தில் இருக்கட்டும். நிலம் வைத்திருப்பவன் கத்தினான், தேர்தலில் அது பேச்சாயிற்று, பெயர்ப் பலகையே மாறிற்று. அட்டை போனவன் கத்தியது அவ்வளவு தூரம் கேட்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இரண்டாயிரத்து இருபத்து மூன்றில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. 2025 நவம்பரில் அதற்கு விதிகளும் வந்தன. பெயரைக் கேட்டு மகிழ வேண்டாம். மானியம், உதவி வழங்குவதற்காக அரசாங்கம் நம் விவரங்களைப் பயன்படுத்தத் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டியதில்லை என்று அதே சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. கம்பெனிக்காரனிடம் கேட்கக்கூடியதை சர்க்காரிடம் கேட்க முடியாத நிலை.

எனக்கு நம்பிக்கை பழைய சட்டத்தில்தான் அதிகம். 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், நான்காவது பிரிவு. அரசு அலுவலகம் ஒரு முடிவு எடுத்தால் அந்த முடிவால் பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. கேட்டால் சொல்ல வேண்டும் என்பதுகூட அல்ல, தானாகவே சொல்ல வேண்டும். 10 ரூபாய் கட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு. அடுத்து, 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். அதன்படி மாவட்டந்தோறும் குறைதீர்ப்பு அதிகாரி இருக்க வேண்டும், அவருக்கு மேலே மாநில உணவு ஆணையம் இருக்க வேண்டும். இந்த வாசல்களை நம்மவர்கள் தட்டுவதே இல்லை. டீலரிடம் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். டீலர் என்ன செய்வார்? அவரும் அந்த மிஷினுக்கு முன்னால் நிற்கிறவர்தான்.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். அட்டை ஊரிலேயே இருக்கிறது, குடும்பம் இங்கே இருக்கிறது என்பவர்கள் நம்மில் உண்டு, முக்கியமாகக் கட்டட வேலைக்கு வந்தவர்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில் 2020 அக்டோபரில் தமிழ்நாடு சேர்ந்தது. ஊர் அட்டையைக் கொண்டே இங்குள்ள கடையில் தானியம் வாங்கலாம். ஆனால் மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டைக்கு மட்டுமே அது செல்லும். தமிழ்நாடு தன் செலவில் கொடுக்கிற மற்ற அட்டைக்குச் செல்லாது. இங்குள்ள கூடுதல் அரிசியும் கிடைக்காது. வேலைக்கு வந்து தேய்ந்துபோன விரலை மிஷின் ஒப்புக்கொள்ள வேண்டுமே, அது வேறு தொல்லை. கைரேகை விழாவிட்டால் கண்ணைக் காட்டக் கேளுங்கள், அல்லது போனுக்கு வரும் எண்ணைக் கொண்டு வாங்கக் கேளுங்கள். விழவில்லை என்று வெறுங்கையோடு திரும்பாதீர்கள்.

நாம் என்ன கேட்கப்போகிறோம் என்பதைச் செயற்குழு பேசி முடிவு செய்திருக்கிறது. அட்டையை ரத்து செய்யுமுன் வீட்டுக்கு எழுத்தில் நோட்டீஸ் வர வேண்டும். தமிழில் கொடு என்று நாம் கேட்கவில்லை. நாலு பேர் "அதையும் கேட்கலாமே" என்றார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். இந்த ஊர்ச் சோற்றைத் தின்கிறோம், தெலுங்கிலோ உருதுவிலோ வரட்டும், படித்துச் சொல்ல நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் எழுத்தில் வரட்டும். அதில் என்ன காரணம், எந்த இலாகாவின் எந்த விவரத்தைக் கொண்டு முடிவு செய்தார்கள் என்பது இருக்கட்டும். கார் என்றால் காரின் நம்பர் இருக்கட்டும். கீழே ஓர் அதிகாரியின் பெயரும் கையெழுத்தும் இருக்கட்டும். நேரில் வந்து பார்க்காமல் அரிசியை நிறுத்தாதிருக்கட்டும். இது சிவில் சப்ளை இலாகாவுக்கு. தகவல் தொழில்நுட்பச் செயலாளருக்குத் தனியாக ஒரு மனு. யந்திரம் எந்த விதியைக் கொண்டு இரு பெயர்களை ஒன்றாக்குகிறது என்பதை அச்சிட்டு வெளியிட வேண்டும். வருஷந்தோறும் அது சுட்டிக்காட்டியவர்களில் எத்தனை பேர் நேரில் பார்த்தபோது தகுதியுள்ளவர்களாகத் தேறினார்கள் என்ற கணக்கைச் சட்டசபையில் வைக்க வேண்டும். 2014-இல் வாங்கிய விவரமும் 2024 நவம்பரில் தொடங்கிய கணக்கெடுப்பில் வாங்கிய விவரமும் யார் கையில் இருக்கின்றன, எந்தெந்த இலாகா பார்க்கலாம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும்.

"இதையெல்லாம் வெளியிட்டால் ஏமாற்றுகிறவன் வழி கண்டுபிடித்துவிடுவான்" என்று பதில் வரும், எனக்குத் தெரியும். ரயில்வேயில் கோட்டா விதி எல்லோருக்கும் தெரியும். அதற்காக டிக்கெட் விற்பதை நிறுத்திவிட்டோமா?

இனி வேலைக்கு வருகிறேன். 2014-க்குப் பிறகு அட்டை ரத்தாகி இன்னும் கிடைக்காத குடும்பங்கள் நம் சங்கத்தில் எத்தனை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அடுத்த ஞாயிறு முதல் மூன்று ஞாயிறு, மெட்டுகூடா, லாலாகுடா, பொலாரம், திருமலகிரி நான்கு இடத்திலும் இருவர் இருவராகப் போகிறோம். பிளஸ் டூ, காலேஜ் படிக்கும் பிள்ளைகள் வர வேண்டும், பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள். வீட்டுக்குள் போய்ப் பேச அவர்களால்தான் முடியும். பழைய அட்டை எண், ஆதார், பாங்கி, வாக்காளர் பட்டியல், கரண்ட் பில் இந்த ஐந்திலும் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று ஒரு தாளில் அப்படியே பார்த்து எழுத வேண்டும். ஒரு எழுத்தைக்கூட நாமாகத் திருத்தக் கூடாது. ஆதார் எண்ணை முழுவதும் எழுத வேண்டாம், கடைசி நான்கு இலக்கம் போதும். தாள்கள் சங்க அலுவலகப் பீரோவில் பூட்டியிருக்கும், சாவி பொருளாளரிடம். நாமே ஜனங்களின் விவரத்தைக் காற்றில் விட்டுவிட்டுச் சர்க்காரைக் கேள்வி கேட்கக் கூடாது.

அதன்பின் வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் பிரஜாவாணி. மனுவை அங்கே கொடுத்து ரசீது வாங்குகிறோம். செயலாளருக்குரிய மனுவை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறோம், தகவல் உரிமை மனுவையும் அன்றே போடுகிறோம். திங்கட்கிழமை எனக்குக் காலை ஷிப்டு. மாற்றிக் கேட்டிருக்கிறேன், கிடைக்காவிட்டால் லீவு போடுவேன். கூலி வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் வந்து ஒரு நாளை இழக்க வேண்டாம். அட்டை போன குடும்பத்திலிருந்து ஒருவர் வந்தால் போதும். காலை 9 மணிக்குச் சங்க வாசலில் கூடுகிறோம், பழைய அட்டை கிழிந்திருந்தாலும் கொண்டுவாருங்கள், எண் படிக்க முடிந்தால் போதும்.